பீடி சுற்றும் உடம்புக்கு ஏற்ற யோகா வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்வதேச யோகா நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான படங்களையும் செய்திகளையும் படித்தேன். பள்ளி மைதானத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் கைகளை உயர்த்தி நின்ற படம் பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் எந்த ஆசனம் செய்தால் சர்க்கரை போகும், எது செய்தால் மூட்டுவலி போகும் என்று ஒரு பட்டியலும் வந்திருந்தது. அந்தப் படத்துக்கும் பட்டியலுக்கும் இடையில் விடுபட்டுப்போன ஒரு செய்தியைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். யோகாவைச் சிகிச்சையாகச் செய்வது என்பது வேறு. கூட்டமாக நின்று பயிற்சி செய்வது என்பது வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் போனதால் வலி கூடிய ஒருவரை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய பெண்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் செங்கோட்டை வட்டத்தில், புளியரைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எங்கள் ஊரிலிருந்து சற்று நேரம் பேருந்தில் போனால் ஆரியங்காவு வந்துவிடும், அது கேரளம். 1956 நவம்பர் 1 வரையில் செங்கோட்டையும் திருவிதாங்கூரோடு இருந்ததால், எங்கள் வீடுகளில் பலருக்கு உறவு இரண்டு பக்கமும் உண்டு, பேச்சும் இரண்டு மொழியிலும் கலந்து வரும். ஆண்களில் பலர் புனலூர், கொல்லம் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெண்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். என் தாயார் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் சுற்றி வைத்த பீடிகளின் நுனியை மடக்கிக் கொடுத்துவிட்டுத்தான் நானும் என் அக்காவும் வீட்டுப்பாடம் எழுத உட்காருவோம். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அக்கா பீடி சுற்றும் சுளகோடுதான் (முறம்) இருந்துவிட்டார்.

பீடி சுற்றும் பெண் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதை அறியாமல் அவருக்கு யோகா சொல்லிக்கொடுக்க முடியாது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் நாள் இரவே இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தும் சாயாமலும், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, சுளகை மடியில் வைத்துக்கொள்வார்கள். வெட்டிய இலையை இடது கையில் விரித்து, புகையிலைத் தூளை ஒரே அளவாகத் தூவி, இரு கைப் பெருவிரல்களாலும் உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஒரு பீடிக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் கூலி ஆயிரத்துக்குத்தான் என்பதால் அந்த அசைவு நாள் ஒன்றுக்கு ஆயிரம் முறை நடக்கிறது. மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் முன்னால் கவிழ்த்து வைத்திருப்பது கழுத்தின் பின்பக்கத் தசைகள்தான். தோள்கள் முன்னோக்கிச் சுருண்டு, நெஞ்சு குழிந்து, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறைந்த மூச்சிலும் புகையிலைத் தூசி கலந்திருக்கிறது. நாற்பது வயதுக்குள் கழுத்துவலி, தோள்பட்டையிலிருந்து விரல்வரை இறங்கும் மரமரப்பு, இடுப்புவலி, முழங்கால் வலி எல்லாம் வந்துவிடுகின்றன. எங்கள் தெருவில் இவை நோய்க் கணக்கிலேயே சேராது. "பீடி சுத்துத கையி, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுப்பார்கள்.

உடம்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு மனத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது சரியல்ல. வாரத்தில் ஒரு நாள் குழுக் கடன் தவணை. அந்த நாளுக்கு முந்தின இரவில் எங்கள் தெருவில் பல வீடுகளில் விளக்கு அணைவதில்லை. கடைக்காரர் கொஞ்சம் பீடியைக் கழித்துவிட்டால் அன்றைய கணக்கு முழுவதும் தவறிப்போகும். மலைக்கு அந்தப்பக்கம் வேலைக்குப் போன கணவர் சனிக்கிழமை இரவில் என்ன நிலையில் வருவார் என்பது இன்னொரு கவலை. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், பிள்ளைகளை அடித்துவிட்டுப் பிறகு அழுவது ஆகியவற்றை இந்தப் பெண்கள் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மருத்துவரிடம் சொல்வது வலியை மட்டும்தான். அதற்கு வலி மாத்திரையும் வாங்கி வருகிறார்கள். அந்த மாத்திரையைச் சோற்றுக்கு முன்னும் பின்னும் கணக்கில்லாமல் போட்டுக்கொண்டு வயிற்றுப்புண் வந்தவர்களை எனக்கே பலரைத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு யோகா முகாம் நடந்தது. யார் நடத்தினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். அக்காவை வற்புறுத்தி அழைத்துப் போனவள் நான்தான். அப்போது அவருக்கு வயது 63. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார், கழுத்தெலும்பில் தேய்மானமும் இருந்தது. முகாமில் யாரும் அதைக் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கும் தோன்றவில்லை. மேடையில் இருந்த இளைஞர் சர்வாங்காசனம் செய்து காட்டினார். உடம்பின் பாரம் முழுவதையும் கழுத்திலும் தோளிலும் தாங்கிக் கால்களை மேலே நிறுத்தும் ஆசனம் அது. ஒரு தன்னார்வலர் அக்காவின் கால்களைப் பிடித்து உயர்த்திவிட்டார். அன்று மாலையே கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. மூன்று வாரம் கழுத்துப் பட்டை போட்டிருந்தார். அதற்குப் பிறகு யோகா என்ற சொல்லை எடுத்தாலே, "அது வசதியான வீட்டு உடம்புக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். அந்த வார்த்தை இன்றும் என்னைச் சுடுகிறது.

எனக்கு மாற்றுப் பார்வை வந்தது, ஓய்வு பெற்ற பிறகு என் கழுத்துவலிக்காக ஓர் அரசு மருத்துவமனையின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுக்குப் போனபோதுதான். அங்கிருந்த மருத்துவர் முதல் நாள் ஓர் ஆசனமும் சொல்லித்தரவில்லை. என்ன வேலை செய்தேன், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், கண்ணில் அழுத்தம் உண்டா, மலச்சிக்கல் உண்டா என்று அரை மணி நேரம் கேட்டார். பிறகு என்னைச் சும்மா உட்காரச் சொல்லி, மூச்சு எங்கே அசைகிறது என்று கவனித்தார். இரண்டாம் முறை போனபோது நான்கே நான்கு அசைவுகளைச் சொல்லித் தந்தார். இவ்வளவுதானா என்று எனக்கே சிறிது ஏமாற்றமாக இருந்தது. அந்த நான்கையும் இரண்டு மாதம் செய்த பிறகுதான் அந்தக் கேள்விகள் எதற்கு என்பது புரிந்தது.

இப்படி ஆளுக்கு ஏற்றபடி யோகாவைச் சொல்லித்தரும் முறை நம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்துவிட்டுப் பின்னாளில் சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், மனிதருக்கு ஏற்றபடி யோகா மாற வேண்டுமே தவிர, யோகாவுக்கு ஏற்றபடி மனிதரை முறுக்கக் கூடாது என்ற வழியில் தம் பிற்காலப் பயிற்சியை அமைத்தவர். பொறியியல் படித்த அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிகளை ஒவ்வொருவராகத்தான் பார்த்து வந்தார்கள். அதற்கும் முன்னதாக, 1924-இல் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்ற யோகா ஆய்வு நிறுவனத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், ஆசனம் செய்யும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்தும் அழுத்தத்தை அளந்தும் ஆராய்ந்தார். இன்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்துக்குத் துணையாக யோகாவைப் பயன்படுத்தியும் ஆராய்ந்தும் வருகிறார்கள். நம் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே ஐந்தரை ஆண்டுகள் படித்து மருத்துவர்களாக வெளியே வருகிறார்கள். இவ்வளவும் இருக்கும் நாட்டில், பீடி சுற்றும் பெண்ணுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரு நாள் ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லும் யோகாவாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

என் வலி குறைந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்கத் தொடங்கியதும், அந்த மருத்துவரிடம் அனுமதி பெற்று, எளியவற்றை மட்டும் என் வீட்டுத் திண்ணையில் சொல்லித்தர ஆரம்பித்தேன். நான் மருத்துவர் அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். ஆனாலும் தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்தேன். முகாமில் கொடுத்த அச்சுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்து விரல்களைத் தொடும் பச்சிமோத்தாசனத்தைச் செய்யச் சொன்னேன். இருபது ஆண்டுகளாகப் பீடி சுற்றும் ஒரு பெண் பாதியில் நிமிர்ந்து, "டீச்சர், குனிஞ்சு குனிஞ்சுதான் இந்த வலியே வந்திச்சு, இங்க வந்தும் குனியவா சொல்லுதீய?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அச்சுத்தாளை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பெண் கேட்டதுதான் சிகிச்சையின் முதல் பாடம் என்றார் அவர். நாள் முழுவதும் உடம்பு எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திறக்க வேண்டும். சுருங்கியது நீள வேண்டும், தளர்ந்தது வலுப்பெற வேண்டும்.

இப்போது திண்ணையில் நாங்கள் செய்வது இதுதான். முதலில் பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்கிறோம். இதிலேயே இடுப்புக்குப் பாதி ஓய்வு கிடைத்துவிடுகிறது. மூச்சை இழுக்கும்போது இரு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தரையில் வைப்பதும், விடும்போது பக்கவாட்டுக்குக் கொண்டுவருவதும் ஆறு முறை. தோள் வலியுள்ளவர் பாதிவரை கொண்டுபோனால் போதும். பிறகு மூச்சை விட்டபடி முழங்கால்களைக் கைகளால் வயிற்றை நோக்கி மெல்ல இழுக்கிறோம். அதன் பின் பாதங்களை ஊன்றி இடுப்பை மட்டும் சற்றே உயர்த்தும் சேதுபந்தாசனம். தரையில் முட்டி போட முடிந்தவர்கள் கைகளையும் ஊன்றிப் பூனையைப் போல முதுகை மேலும் கீழும் அசைக்கிறார்கள். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதையே செய்கிறார்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்ப்பது ஒன்று. கைவிரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் தனியாக ஐந்து நிமிடம். முதல் மாதத்தில் ஒரு பெண்ணால் தன் பெருவிரலை உள்ளங்கையிலிருந்து முழுமையாக விரிக்க முடியவில்லை. பீடியை உருட்டி உருட்டி அந்த விரல் அப்படியே நின்றுவிட்டிருந்தது. அவர் தம் இடது கையால் அதை மெதுவாக, ஒரு குழந்தையின் விரலைப் பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியாது.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓய்வாக இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். கவலையிலும் குனிந்த நிலையிலும் அது மேலும் வேகமாகவும் ஆழமில்லாமலும் போகிறது. வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக விட்டுப் பழகினால், மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பைத் தணிக்கிறது. உடம்பு ஆபத்து நேர நிலையிலிருந்து ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. நாங்கள் மூன்று எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடுகிறோம். மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகத்தைச் செய்வதே இல்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. கடைசியில் வண்டு முரல்வது போல ஒலியெழுப்பி மூச்சுவிடும் பிராமரி. பதினொரு பெண்கள் சேர்ந்து அதைச் செய்யும்போது திண்ணைத் தூணில் கை வைத்தால் அதிர்வு தெரிவது போல இருக்கும். அதன் பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருப்பது. முதன்முதலாக அப்படிப் படுத்த நாளில் ஒரு பெண் எழுந்திருக்காமல் அழுதுகொண்டே இருந்தார். கணவரை இழந்து ஓராண்டுகூட ஆகாதவர். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. அழுது முடியட்டும் என்று விட்டுவிட்டோம். எழுந்த பிறகு, "நாப்பது வயசுல மொத தடவையா என்னயக் கண்ண மூடிப் படுன்னு ஒருத்தர் சொல்லியிருக்கீய, டீச்சர்" என்றார். அதே வேளையில், கண்ணை மூடியதும் நடுக்கமும் பயமும் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் பீடி சுற்றுவோரில் முஸ்லிம் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் கணிசமானவர்கள். முதலில் அவர்கள் தயங்கினார்கள். மந்திரம் சொல்ல வேண்டுமா, சூரியனை வணங்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டியதில்லை என்று சொன்னேன். நாங்கள் எண்களைத்தான் சொல்கிறோம். நேரத்தையும் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு முன்னால் என்று மாற்றிக்கொண்டோம். முழங்கால் வலியால் சில ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்த ஒரு மூத்த பெண்மணி, ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் சஜ்தாவைச் செய்ய முடிந்ததைச் சொல்வதற்காகவே மழையில் நடந்து என் வீட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை. அவரைவிட வயது குறைந்த இருவருக்கு முழங்காலில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அவர்களை எலும்பு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். ஆனால் நம்பிக்கையின் பெயரால் ஒருவரும் விலகி நிற்கத் தேவையில்லாதபடி இதை நடத்த முடியும் என்பதை எங்கள் திண்ணை காட்டியிருக்கிறது. அரசு அலுவலர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யோகா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அமெரிக்க மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்பே முயல வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. அதே நேரத்தில் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களின் அன்றாட இயக்கத்தில் சிறு முன்னேற்றம்தான் தெரிந்தது. வேறு உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. சிலருக்கு இடுப்புவலி கூடவும் செய்தது. இந்த உண்மையை மறைத்து யோகாவுக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. சிறு முன்னேற்றம் என்று ஆய்வாளர் எழுதுவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்க முடியாமலிருந்த பெண்ணுக்கு அதைத் தூக்க முடிவதாக இருக்கலாம். செலவில்லாமல், வீட்டுத் தரையில், ஒரு பாயில் கிடைக்கும் முன்னேற்றம் அது. புகையிலைத் தூசியால் வரும் இருமலையும் நுரையீரல் பாதிப்பையும் மூச்சுப் பயிற்சி நீக்கிவிடாது. அதற்கு முகத்தை மூடும் துணியும், காற்றோட்டமான இடமும், மருத்துவரும் வேண்டும். குழுக் கடனை எந்த ஆசனமும் அடைக்காது. ஆயிரம் பீடிக்கான கூலி உயராமல் இந்தப் பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான் என்பதையும் அறிவேன்.

அதனால்தான் தங்கள் பக்கத்தில் வந்த பட்டியல் எனக்குக் கவலை அளித்தது. சர்க்கரையை விரட்டும் ஆசனம் என்று படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். யோகா மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். கண்ணில் நீர் அழுத்த நோய் (கிளகோமா) உள்ளவர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும், எலும்பு வலுக்குறைந்த மூதாட்டி ஆழமாக முன்குனிவதையும், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர் சிரசாசனம், சர்வாங்காசனம் ஆகியவற்றையும், கட்டுப்படாத இரத்தக் கொதிப்போ குடலிறக்கமோ உள்ளவரும் கர்ப்பிணியும் வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சுவிடும் கபாலபாதியையும் தவிர்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் வரும் அளவுக்கு மனம் உடைந்தவரைத் தியானத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. உடனே மனநல மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும், 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இந்த எண் அச்சடித்த தாளை எங்கள் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மலைக்கு அந்தப்பக்கம் போய் உழிச்சல் செய்துகொண்டு வருவது எங்கள் ஊரில் பழைய வழக்கம். கையில் காசு சேர்ந்தால் புனலூர்ப் பக்கம் வைத்தியசாலைக்குப் போய் ஏழு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இதமாக வருவார்கள். நானும் போயிருக்கிறேன்; அந்த எண்ணெயின் சூடும் தேய்க்கும் கைகளின் பக்குவமும் உண்மையாகவே சுகம் தரும். ஆனால் திரும்பி வந்து அதே சுளகின் முன் அதே கோணத்தில் உட்கார்ந்தால் சில வாரங்களில் வலியும் திரும்பிவிடுகிறது. பிறர் கை தரும் இதம் அந்த ஏழு நாளோடு நிற்கிறது. தானே செய்துகொள்ளக் கற்றால், பீடி சுற்றுவதற்கு நடுவில், அரை மணிக்கு ஒருமுறை சுளகை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சுவரோடு நின்று நிமிர முடியும். எங்கள் பெண்களில் ஒருவர் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்: நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்திருப்பது. அவர் மகள் கைபேசியில் நேரம் பார்த்து, இதனால் நாள் கணக்கில் பீடி குறையவில்லை என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களும் எழுந்திருக்கத் தொடங்கினார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. தமிழ்நாட்டில் பீடித் தொழிலாளர் மிகுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அதே வழியில், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் யோகா மருத்துவர்களில் ஒருவர், வாரத்தில் இரண்டு பிற்பகல் ஊர்களுக்கு வந்தால் போதும். வந்து ஆசனம் செய்து காட்டுவதற்கு முன்னால், ஒவ்வொருவரையும் ஒருமுறை கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு அன்றாடப் பயிற்சியை ஊரிலேயே ஒரு பெண் நடத்திக்கொள்வார். இடத்துக்குப் புதிய கட்டடம் வேண்டாம். பெண்கள் ஏற்கெனவே கூடும் இடங்களான அங்கன்வாடியும், துணை சுகாதார நிலையமும், பீடி கொடுக்கும் கடையை ஒட்டிய தாழ்வாரமும் போதும். காலை ஆறு மணி வகுப்பு என்று அறிவித்தால் ஒருவரும் வர மாட்டார்கள். அந்நேரம் அவர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டும் சோறு பொங்கிக்கொண்டும் இருப்பார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் வைக்க வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கென மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு நடத்தும் மருந்தகங்களிலும் இந்த வேலையைச் சேர்க்கலாம். கேரளத்தில் ஊர்தோறும் ஆயுஷ் யோகா கிளப் அமைக்கும் முயற்சி நடந்து வருகிறது. அங்கே மணம் முடித்துப் போன எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, தம் வார்டு வகுப்பில் கற்றதைத் திண்ணையில் எங்களோடு சேர்ந்து செய்து காட்டினார். அதைப் பார்த்த பிறகு, நம் பக்கத்தில் இது நடக்காது என்று சொல்வதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் சிறப்புப் பக்கத்தில் ஆசனப் படங்களைப் போடும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் அதை யார் செய்யக் கூடாது என்பதையும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் படத்தின் விளக்கம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அடுத்தது, அந்தப் பக்கத்தில் ஒரு படமாவது மைதானத்தில் எடுத்ததாக இல்லாமல், பாயில் முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் ஒரு தொழிலாளிப் பெண்ணின் படமாக, அவருடைய சம்மதத்தோடு, இருக்க வேண்டும். செய்தியாளர் வர விரும்பினால் திங்களும் வியாழனும் பிற்பகலில் எங்கள் திண்ணைக்கு வரலாம். போன மாதத்திலிருந்து என் அக்காவும் வருகிறார். இன்னும் பாயில் படுக்க மாட்டேன் என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மட்டும் உயர்த்தி இறக்குகிறார், மூச்சு எண்ணிக்கையை எல்லோரையும்விடச் சரியாகச் சொல்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.